புளிப்பு ஒயின்

டமார் என்று மாடியில் ஏதோ வெடித்தது.

கையில் கரண்டியோடு லூர்துசெல்வி அப்படியே நின்றுவிட்டாள். முத்தியால்பேட்டையில் வெடிச்சத்தம் ஒன்றும் புதிதில்லை. சாமி புறப்பாடு, கட்சிக்காரர் பிறந்தநாள், சாவு ஊர்வலம், எதற்கும் ஒரு சரத்தைக் கொளுத்திவிடுவார்கள். ஆனால் இது தெருவில் வெடித்ததல்ல. நேராக அவள் தலைக்கு மேலே, ஏசி ரூமுக்குள் வெடித்தது. பின்னாலேயே கண்ணாடிச் சில்லுகள் தரையில் சிதறும் சத்தமும் கேட்டது.

"இன்னாடி அது? சிலிண்டரா?" கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லூயிஸ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சிலிண்டர் இதோ எங்கால்ட்ட நிக்குது. மாடிலங்க."

"மாடில இன்னா..."

அவர் முடிப்பதற்குள் இரண்டாவது வெடித்தது. குளியலறையிலிருந்து கிளாட்வின் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு பாய்ந்து வந்தான்.

"யாரும் மேல ஏறாதீங்க! மம்மா, நீ இங்கயே நில்லு. பாட்டில் வெடிக்குது. சில்லு கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். அடுப்பில் கறி ராகுக் குழம்பு கெட்டியாக வற்றிக்கொண்டிருந்தது. கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும் என்று தெரிந்தும் லூர்துசெல்விக்குக் கை எழவில்லை.

ஏன் வெடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் தான் மட்டும்தான் என்றும் அவளுக்குத் தெரியும்.

கிளாட்வின் எட்டு வருஷமாக நாசிக்கில் ஒயின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அந்த ஊரில் மலைச்சரிவெல்லாம் திராட்சைக் கொடி என்பான். வெங்காயமும் கரும்பும் போட்ட விவசாயிகள் இன்றைக்கு ஒயினுக்கென்றே கொடி வைக்கிறார்கள், வெளிநாட்டுக்காரன் வந்து விலை கேட்கிறான் என்பான். அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு இந்த வருஷத் தொடக்கத்தில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். காரணம் கம்பத்துக்காரர் நெடுமாறன். கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பரம்பரையாகத் திராட்சைத் தோட்டம். கறுத்து, வாசனையாக இருக்கும் பன்னீர்த் திராட்சை. லைசென்ஸ் வாங்கி, கட்டடமும் எழுப்பிவிட்டார். ஒயின் செய்யத் தெரிந்த ஆள்தான் பாக்கி. தோட்டத்துப் பழத்தைக் கூடை கூடையாக லாரியில் அனுப்பிவைத்து, "நம்ம பழத்துல உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க தம்பி, நானே வந்து குடிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லியிருந்தார்.

அவர் குடித்துப் பார்க்க வருவது இன்றைக்குத்தான்.

அவருக்குப் பிடித்துவிட்டால் கிளாட்வின் கம்பத்தில் இருப்பான். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் அம்மா கையால் காப்பி குடிக்கலாம். பிடிக்காவிட்டால் பிரான்ஸ். லூயிசின் அக்காள் மகன் அங்கே போர்தோ பக்கம் ஒரு ஒயின் கிடங்கில் மேஸ்திரி. ஆள் வேண்டும், இந்த வாரத்துக்குள் பதில் சொல் என்று நெருக்குகிறான். விசா, கிசா என்று தடுக்க ஒன்றுமில்லை. லூயிஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா; ஆகவே வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். டிக்கெட் போட்டால் பிள்ளை பறந்துவிடுவான். அந்தத் தெருவில் அப்படிப் பறந்த பிள்ளைகள் திரும்பி வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். சில பேர் சாவுக்கும் வருவதில்லை, கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாடியில் மூன்றாவது வெடித்தது.

கிளாட்வின் ஹெல்மெட்டைத் தேடி இறங்கி வந்தான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். கத்திரி வெயிலில் மழைக்கோட்டோடு நின்ற பிள்ளையைப் பார்க்க லூர்துசெல்விக்கு அழுகை வந்தது.

"காலைல கரண்ட் போச்சே, அப்ப ஏசி நின்னுடுச்சி. திரும்பப் போட யாருக்கும் தோணல. ரூம் அனலா கொதிக்குது. மம்மா, ஐஸ் வேணும். நெறய வேணும். பாட்டில பூராவும் குளுர வச்சாத்தான் அடங்கும்."

"ஃப்ரிஜ்ஜில ஒரு தட்டு இருக்குது."

"தட்டு ஐஸுக்கு இன்னா ஆவும் மம்மா! பெட்டி பெட்டியா வேணும்."

வாசலில் மொபெட் ஹாரன் அடித்தது. குருசுக்குப்பம் காத்தவராயன். விருந்துக்கென்று சொல்லி வைத்த கொடுவா மீனோடு வந்திருந்தான். மொபெட்டின் பின்னால் பெரிய ஐஸ் பெட்டி.

"மீன்பிடி தடைக்காலம்மா, வஞ்சிரம்லாம் கேக்காத. ஃபைபர் போட்டுல போயி புடிச்ச கொடுவா, இன்னும் வாயத் தொறந்து மூடுது பாரு." பெட்டியை இறக்கும்போதே மாடியில் ஒன்று வெடித்தது. காத்தவராயன் குனிந்து தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "இன்னா முசியே, பட்டாளத்த வுட்டு வந்தும் குண்டு போட்டுப் பழகறியா?"

"எம்புள்ள ஒயின் செஞ்சிருக்கான்டா. இந்தியாவுல செஞ்சா அப்படித்தான் வெடிக்கும்" என்றார் லூயிஸ்.

"சரக்கு உள்ள போயி ஆளு வெடிச்சுப் பாத்திருக்கேன். பாட்டிலே வெடிச்சு இப்பத்தான் பாக்கறேன்."

"காத்தவராயண்ணே, ஐஸ் வேணும். இப்பவே" என்றான் கிளாட்வின்.

அந்தக் குரலில் இருந்த அவசரம் காத்தவராயனின் சிரிப்பை நிறுத்தியது. "இதுல இருக்கறத மொதல்ல எடுத்துக்க. தேங்காய்த்திட்டுல ஐஸ் கம்பெனிக்காரன் தடைக்காலத்துல ஈ ஓட்டிக்கினு இருக்கான். பெரிய போட்டு எதுவும் போவல. ஒரு நட அடிச்சிட்டு வந்துடறேன். ஆனா தம்பி, மீன் வாட அடிக்குமே?"

"மேல அடிச்சா கழுவிக்கலாம். உள்ள போவாது."

அதன்பின் வீடு போர்க்களமாகிவிட்டது. கிளாட்வின் ஈரச் சாக்கைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஏசி ரூமுக்குள் போவதும், ஒவ்வொரு பாட்டிலாகத் துணியில் சுருட்டி எடுத்துவந்து, பிறந்த குழந்தையைக் கிடத்துவதுபோல் ஐஸில் கிடத்துவதுமாக இருந்தான். வாசனை மாடிப்படியில் இறங்கி வீடெங்கும் பரவியது. பன்னீர்ப் பூ மாதிரி ஒரு மணம். அதற்குள் மீன் வாடை. படியோரம் சிவப்பாக ஒரு கோடு வழிந்து வந்தது. லூர்துசெல்வி துணியால் துடைக்கத் துடைக்க அது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அவன் உள்ளே போகும்போதும் அவள் மாதாவைக் கூப்பிட்டாள். வெளியே வந்தபின்தான் மூச்சு விட்டாள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு, நாசிக்கில் ரூமைக் காலி செய்ய கிளாட்வின் போயிருந்த நேரத்தில் நடந்தது அது. ஏசி ரூமைப் பெருக்கப் போனவள் ஆசைக்கு ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பல் கூசியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. புளி, துவர்ப்பு, அவ்வளவுதான். இனிப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

லூர்துசெல்விக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸ் ஒயின். பழத்துக்குச் சரிக்குச் சரி சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, தினம் மரக்கரண்டியால் கிளறி எடுப்பாள். பங்குச் சாமியாரே ரெண்டாவது கிளாஸ் கேட்பார். அந்த நாக்கோடு பிள்ளையின் ஒயினைக் குடித்துப் பார்த்தவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பிள்ளை எங்கேயோ அளவு தப்பிவிட்டான். இதைக் குடித்தால் கம்பத்துக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். பிள்ளை போர்தோவுக்குப் போய்விடுவான். ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகித் திறந்து, பேப்பரைச் சுருட்டிக் குழல் செய்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, துளி சிந்தாமல் மூடி வைத்தாள். அன்று அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஐஸ் வந்து சேர்ந்தபின் வெடிப்பது நின்றது. வெடித்தது போக ஒரு பெட்டி அளவுக்குப் பாட்டில்கள் தேறின. கிளாட்வின் படியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை. புறங்கையில் ஒரு கீறல்.

"சூட்டுக்கு மட்டும் இப்படி வெடிக்காதே" என்று தனக்குத்தானே பேசினான். "உள்ள சக்கர இருந்தாத்தான் திரும்பவும் பொங்கும். நான் சக்கர பூரா அடங்கினப்புறந்தான் அடைச்சேன். சக்கர அளக்கற மிதவ போட்டுப் பாத்தேன். ரெண்டு தபா பாத்தேன்."

லூர்துசெல்வி வாயைத் திறந்தாள். "கிளாட்வின்..."

"அளந்ததுல தப்பு பண்ணிட்டேனா மம்மா? எட்டு வருஷமா பண்ற வேல. எப்படித் தப்பும்?"

"வெயிலுதான்டா" என்றாள். துடைத்த படியையே மறுபடி துடைத்தாள்.

"வெயிலும் இல்ல, மழையும் இல்ல" என்றார் லூயிஸ், சாய்வு நாற்காலியிலிருந்தே. "ஒயினுக்குன்னு ஒரு தேசம் இருக்கு, அதுக்குன்னு ஒரு குளுரு இருக்கு. அங்க கொடி நாலு மாசம் பனில தூங்கி எழுந்து காய்க்குது. இங்க எங்கடா தூங்குது? இதுக்குத்தான் தலபாடா அடிச்சிக்கினேன், ஒழுங்கா கௌம்பி போர்தோ போடான்னு."

"தூங்கலன்னா என்ன பப்பா? கம்பத்துல வருஷம் பூராவும் காய்க்குது. உலகத்துல எத்தினி ஊர்ல அப்படிக் காய்க்கும்? அந்தப் பழத்தையே இங்க கொண்டாந்து வச்சது ஒரு பிரெஞ்சு சாமியார்தான்னு சொல்றாங்க. எரநூறு வருஷம் ஆவப்போவுது. எரநூறு வருஷமா நாம ஜூஸ் போட்டுக் குடிச்சிக்கினே இருக்கோம். காஷ்மீர்ல அந்தக் காலத்துலயே ஒயின் செஞ்சிருக்கான். பூச்சி விழுந்து கொடியெல்லாம் செத்துப் போச்சி, அதோட வுட்டுட்டான். நாசிக்குல திரும்ப ஆரம்பிச்சான். எவனோ ஒருத்தன் ஆரம்பிக்கணும் பப்பா."

"ஆரம்பிச்சதுதான் படில ஒழுவுதே, பாத்தேன்."

"ஏங்க, செத்த நேரம் வாய மூடிக்கினு இருக்கீங்களா?" லூர்துசெல்வியின் குரல் உடைந்தது. லூயிஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நெடுமாறன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பருமனான உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. காரிலிருந்து இறங்கும்போதே ஒரு தார் வாழைப்பழத்தையும் இறக்கினார். "வணக்கம்மா. தோட்டத்துப் பழம். அய்யா, நல்லா இருக்கீகளா? என்ன வெயிலு, என்ன வெயிலு! உங்க ஊர்ல கடலு இருந்து என்ன பிரயோசனம்?"

"கடல்காத்து இனிமேதாங்க வரும்" என்றார் லூயிஸ்.

இலை போட்டார்கள். ராகு லேசாக அடிப்பிடித்திருந்தது. கொடுவா வறுவலை மூன்று துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் நெடுமாறன். ஒவ்வொரு கவளத்துக்கும் பேச்சு.

"எங்க ஊர்ல பூராப் பேரும் சிரிக்கிறான் தம்பி. திங்கிற பழத்தைப் போயி எவனாச்சும் குடிக்க வைப்பானான்னு. என் சம்சாரமே சிரிக்குது. மழை ஒரு பாட்டம் அடிச்சா பழம் வெடிச்சிருது, வெடிச்ச பழத்தை எவன் வாங்குவான்? ரோட்டோரம் கொட்டியிருக்கேன். அப்பத்தான் இந்த யோசனை. எனக்கு இந்தத் தொழில்ல ஒண்ணும் தெரியாது. ஆனா நாக்கு இருக்குல்ல? அதை நம்பித்தான் ஓடியாந்தேன். நாளைக்கு பெங்களூர்ல வேற ஒரு தம்பியைப் பாக்கணும். அதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துருவம்னு."

லூர்துசெல்வி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்திவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் கிளாட்வின் ஒரு பாட்டிலை ஐஸிலிருந்து எடுத்து, வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சீறியது. நுரை பொங்கி அவன் விரலெல்லாம் வழிந்தது.

"என்ன தம்பி, சோடாக் கலர் கணக்காப் பொங்குது?"

கிளாட்வின் கிளாஸில் ஊற்றினான். நெடுமாறன் மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "வாசம் நம்ம பழத்து வாசந்தான். அட!" ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். மலர்ந்த முகம் மெல்ல மெல்லக் குழம்பியது. கிளாஸைக் கீழே வைத்தார்.

"இனிக்குது. நுரைக்குது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியலையே தம்பி. போன்ல வேற மாதிரில்ல சொன்னீங்க?"

"என் தப்புதாங்க" என்றான் கிளாட்வின். குனிந்த தலை நிமிரவில்லை. "சக்கர முழுசா அடங்கறதுக்குள்ள அடைச்சிருக்கேன். காலைலருந்து பாதி பாட்டில் வெடிச்சிடுச்சி. அளக்கறதுல எங்கயோ வுட்டுட்டேன்."

"எட்டு வருஷம் பாத்த வேலைல தப்பு விட்டேன்றீங்க. அப்ப என் ஒயின் தொட்டியை எப்படித் தம்பி உங்ககிட்டக் குடுக்குறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் லூர்துசெல்வியால் தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளை போனால் போகட்டும். தொழில் தெரியாதவன் என்று பேர் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

"அவன் மேல தப்பில்லைங்க. நான்தான் போட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சக்கர. அவன் ஊர்ல இல்லாதப்ப. ஒரு வாய் குடிச்சேன், புளிச்சிது. புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு. நீங்க குடிச்சா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளாட்வின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எவ்ளோ போட்ட?" என்றான்.

"பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன். டீ ஸ்பூன்."

"நெசமா சொல்லு மம்மா."

"மாதா மேல ஆணையாடா. ஒண்ணுதான். தல தட்டி."

"ஒரு ஸ்பூனுக்கு லேசா நுரைக்கும். பாட்டில் ஒடையாது. ஒடஞ்சாலும் இவ்ளோ இனிப்பு மிச்சம் இருக்காது." அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் மறுபடி பொங்கியதன் வண்டல் சேறுபோலத் தடித்துப் படிந்திருந்தது. கீழே வைத்தான். லூயிஸ் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நெடுமாறன் கை துடைத்த துண்டை மடித்துத் தோளில் போட்டார். "விடுங்கம்மா. வேணும்னா செஞ்சீங்க? சக்கரை போடாத பாட்டில் ஒண்ணாச்சும் இருக்கா?"

"ஒண்ணுகூட வுடலைங்க" என்றாள் லூர்துசெல்வி.

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "இதை வச்சு நான் உங்களை நல்லவர்னும் சொல்ல முடியாது, கெட்டவர்னும் சொல்ல முடியாது தம்பி. பெங்களூர்க்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன், போய்ப் பாத்துத்தான் ஆகணும். மெயின் ரோடு வரைக்கும் வழி காட்டுங்க, பேசிக்கிட்டே போவோம்."

கிளாட்வின் செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, அப்பா பக்கம் திரும்பாமலே சொன்னான்: "பப்பா, போர்தோ அண்ணனுக்கு இன்னைக்கே போன் போட்டுடுங்க. வரேன்னு சொல்லிடுங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை லூர்துசெல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். கடல்காற்று அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. உள்ளே வந்தாள். மேஜைமேல் அந்தப் பாட்டில் இன்னும் பொருபொருவென்று நுரைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் படிந்திருந்த வண்டலைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் நின்றவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கியது.

"இது நான் போட்ட ஒரு ஸ்பூனுக்குப் பொங்கறது இல்ல. இந்த வூட்ல நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா? போர்தோ, போர்தோன்னு புள்ளைய நச்சி எடுத்தது நீங்கதான? கெடுத்துட்டா போயிடுவான்னு பாத்தீங்களா? புள்ளைய வெரட்டறதுக்கு இப்படி ஒரு வேல பண்ணுவீங்களா? சொல்லுங்க! தெருவுல எத்தினி வூடு பூட்டிக் கெடக்குது, நம்ம வூடும் அப்படி ஆவணுமா?"

லூயிஸ் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அவன் நாசிக்குலருந்து வரதுக்குள்ள, நீ வில்லியனூர் மாதா கோயில் திருநாளுக்குப் போயிருந்தப்ப நானும் ஒரு வாய் குடிச்சிப் பாத்தேன் செல்வி. பிரான்சுல குடிச்ச அதே ருசி, எம்புள்ள செஞ்சிருக்கான்! இந்தப் புளிப்போட அருமை கம்பத்துக்காரனுக்கு எங்க தெரியப்போவுது, துப்பிட்டுப் போயிட்டான்னா புள்ளையும் போயிடுவானேன்னு, பாட்டிலுக்கு நாலு ஸ்பூன் போட்டுட்டேன்டி."